நாற்பதில் ஒன்பது

அவன் வழிகாட்டியானதற்குக் காரணம் திறமை இல்லை, விரல். ஒரு நிரல் பயிற்சித் திட்டத்தின் இணையவழிக் கூட்டத்தில், "இந்த வருஷம் புதுசா வர்றவங்களை யாரெல்லாம் பார்த்துக்கறீங்க?" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா கேட்ட நேரத்தில், அவன் மைக்கை அணைக்கும்போது பக்கத்திலிருந்த கை தூக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டான். "ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தான். மைக் அணைந்திருந்தது.

கம்ப்யூட்டரில் நம் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றுக்கும் அடியில், விசைப்பலகையோடும் திரையோடும் பிரிண்டரோடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று உண்டு. கெர்னல் என்பார்கள். அவன் வேலை செய்த கெர்னலுக்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். அதை உலகமே படிக்கிற ஒரு மெயில் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பகுதிக்கென்று ஒரு பராமரிப்பாளர் இருப்பார். அவர் குறை சொல்வார், திருப்பி அனுப்புவார், மறுபடி குறை சொல்வார், என்றாவது மனம் இறங்கினால் ஏற்றுக்கொள்வார். அங்கே போன மெயில் போனதுதான். அழிக்க வழியில்லை.

நான்கு வருடத்தில் அவனுடைய பேட்ச்கள் பதினொன்று ஏற்கப்பட்டிருந்தன. முதலாவது, ஒரு கோப்பில் தேவையில்லாமல் இருந்த வெற்று வரி ஒன்றை நீக்கியது. மற்ற பத்தும் இதைவிடக் கொஞ்சம் கனமானவை, அவ்வளவுதான். ஆனால் அவன் அம்மா, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம், "உலகத்துல இருக்கிற அத்தனை கம்ப்யூட்டர்லயும் எம்பிள்ளை பண்ணது இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

"அம்மா, நான் எதையும் வைக்கல. இருந்ததை எடுத்தேன்" என்று அவன் விளக்கிப் பார்த்தான்.

"ஆமாம்மா" என்றாள் தங்கை. "எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாலும் அங்க ஒண்ணுமே இல்லாம ஒரு இடம் இருக்கும். அதான் அண்ணன் பண்ணது."

வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன். அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டும் வேலை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இருந்ததில்லை. அதனால் அவனுக்கு ஒரு பழக்கம் சிறு வயதிலேயே ஒட்டிக்கொண்டது. தெரியாததையும் தெரிந்த முகத்தோடு சொல்வது. கல்லூரியில் அந்த முகம் நன்றாக வேலை செய்தது. பில் போடும் மெஷின்களுக்கு நிரல் சோதிக்கிற அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் பாதிக்குப் பாதி அந்த முகத்தால்தான். உள்ளே மட்டும், யாரோ ஒருநாள் வந்து தோளைத் தட்டி, தம்பி, ஆள் மாறி உன்னை உள்ளே விட்டுட்டோம், கிளம்பு என்று சொல்லப்போகிறார்கள் என்ற எண்ணம் போனதே இல்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் நூலக அக்கா வந்து சேர்ந்தார்.

வயது நாற்பத்தாறு. ஒரு பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜையில் இருபது வருடம். முதல் சனிக்கிழமை காலை வீடியோவில் பேசியபோது, பின்னால் அலமாரியும் அதன்மேல் ஏறி நின்று புத்தகம் எடுக்கும் முக்காலியும் தெரிந்தன.

"மேடம், முதல்ல நீங்க எதுக்கு இதுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க" என்றான் வழிகாட்டிக் குரலில்.

"எங்க ஸ்கேனர் தூங்கிடுது சார்."

புத்தகத்தின் பின்னட்டைக் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் அது. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்து தூங்கி எழுந்தால், ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரியும், ஆனால் எதையும் படிக்காது. ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. இரண்டு வருடமாகப் புகார் எழுதி, பதில் வராமல், கடைசியில் அது எதனால் என்று அவரே படிக்க ஆரம்பித்திருக்கிறார். படித்துப் படித்து, ஸ்கேனரோடு பேசும் கெர்னல் பகுதிவரை, அதாவது அதன் டிரைவர்வரை வந்துவிட்டார்.

"நூலகத்துல இருந்துக்கிட்டு படிக்க எதுவும் கிடைக்கலன்னு சொல்ல முடியாதில்ல" என்றார். பிறகு, "சார்னு கூப்பிட்டா எங்க மேலதிகாரி ஞாபகம் வருது. தம்பின்னு கூப்பிடலாமா?"

வழிகாட்டியின் மரியாதை அந்த இடத்திலேயே பாதி கரைந்தது. "தாராளமா, அக்கா" என்றான்.

விஷயம் இதுதான். ஆறு வாரத்துக்குள் புதியவரின் பேட்ச் ஒன்றாவது ஏற்கப்பட வேண்டும். ஏற்கப்பட்டால் மூன்று மாதப் பயிற்சியில் இடம். நூலக அக்காவின் அலுவலகத்தில் பயிற்சி விடுப்பு நாற்பத்தேழு வயதுவரைதான் கொடுப்பார்கள். அவருக்கு அடுத்த ஆண்டு நாற்பத்தேழு முடிந்துவிடும். இந்த முறை விட்டால் பிறகு கிடையாது.

"அதெல்லாம் கவலைப்படாதீங்க அக்கா, ஆறு வாரம் தாராளம்" என்றான் அவன். தெரிந்த முகம்.

முதல் வாரத்தின் முடிவில் நூலக அக்கா பயிற்சிக்காக ஒரு சின்னத் திருத்தத்தைப் பட்டியலுக்கு அனுப்பினார். அதை அலுவலக மெயிலிலிருந்து அனுப்பிவிட்டார். அந்த மெயில் ஒவ்வொன்றின் அடியிலும், இது ரகசியமானது, தவறுதலாக உங்களுக்குக் கிடைத்திருந்தால் உடனே அழித்துவிடவும் என்று தானாகவே ஒரு வாசகம் ஒட்டிக்கொள்ளும். உலகமே படிக்கிற பட்டியலில் ஒரு ரகசியம். பராமரிப்பாளரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "கேட்டுக்கொண்டபடி அழித்துவிட்டேன்."

"கோவமா, கிண்டலா தம்பி?" என்று கேட்டார் நூலக அக்கா.

"அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான் அக்கா."

வேறு மெயில் முகவரி, அதற்கான அமைப்பு, சோதனை மெயில் என்று ஒன்றரை வாரம் போனது. இதையெல்லாம் முதல் நாளே சொல்லித்தந்திருக்க வேண்டியது வழிகாட்டி. அவன் முதல் நாள், கெர்னலின் தத்துவம் பற்றி ஐம்பது நிமிடம் பேசியிருந்தான்.

ஐந்தாம் வாரக் கடைசியில் நூலக அக்கா அசல் பேட்சை எழுதி முடித்தார். கம்ப்யூட்டர் எழுந்தவுடனே டிரைவர், படிக்க ஆரம்பி என்று ஸ்கேனருக்கு உத்தரவு போடுகிறது. ஸ்கேனர் இன்னும் கண் விழிக்கவில்லை. உத்தரவு காற்றோடு போகிறது. இதைக் கண்டுபிடித்து, உத்தரவுக்கு முன்னால் முந்நூறு மில்லிநொடி காத்திருக்கும்படி எழுதியிருந்தார். பட்டியலுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி, திங்கட்கிழமை காலை அவனுக்கு அனுப்பினார்.

அவன் படித்தான். வேலை செய்யும் என்றுதான் தோன்றியது. ஆனால் அழகாக இல்லை. சும்மா காத்திருப்பதா? எவ்வளவு நாட்டுப்புறத்தனமான தீர்வு. ஸ்கேனரின் கையேட்டில், தயாரா என்று கேட்டால் தயார் என்று பதில் சொல்லும் வசதி இருப்பதாகப் போட்டிருந்தது. அதைக் கேட்டு எழுதினால் எவ்வளவு நேர்த்தி. பராமரிப்பாளர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இவரை வழிநடத்தியது யார் என்று பார்ப்பார். அப்போது தோளில் தட்டு விழும்.

"பார்த்துட்டிருக்கேன் அக்கா, அனுப்பிடாதீங்க" என்று பதில் போட்டான். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அலுவலகத்தின் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வரியை மாற்றினால் அதற்குத் தோதாக அடுத்த வரி. அது மாறினால் அதன் தலைப்பு. வெள்ளிக்கிழமை காலை அவன் கையிலிருந்து கிளம்பிய பேட்சில் இருபத்தேழு வரி இருந்தது. வழிகாட்டிகளுக்குத் தந்த கையேட்டின் முதல் பக்கத்தில், புதியவருக்காக நீங்கள் எழுதாதீர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதை அவன் படிக்காமல் இல்லை. அது மற்ற வழிகாட்டிகளுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தான்.

"சின்னச் சின்னத் திருத்தம்தான். இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஏத்துக்கிட்டாகணும். பராமரிப்பாளர்கிட்ட அவசரம்னு சொல்லியிருக்கேன். கையொப்ப வரியைப் போட்டு உடனே அனுப்பிடுங்க" என்று மெயில் எழுதினான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு போன் வந்தது. அவன் அலுவலக மாடிப்படிக்குப் போய் எடுத்தான்.

"தம்பி, என் பேரைத் தவிர மீதி எல்லாம் மாறியிருக்கே."

"கொஞ்சம் அழகு பண்ணேன் அக்கா."

"அழகாத்தான் இருக்கு. ஆனா நான் இதுல கையெழுத்து போட முடியாது. அந்தக் கையொப்ப வரின்னா என்னன்னு ஒரு பக்கம் இருக்கில்ல, படிச்சேன். இதை நான் எழுதினேன்னு உறுதி சொல்றதுக்குத்தான் அந்த வரி. இல்லாட்டி, எழுதினவர் தன் கையெழுத்தைப் போட்டு என்கிட்ட குடுத்திருக்கணும். நீங்க போட்டீங்கன்னா இது உங்க பேட்ச். எனக்குக் கணக்காகாது. போடலன்னா நான் பொய் சொல்றேன்."

அந்தப் பக்கத்தை அவன் நான்கு வருடத்துக்கு முன் பார்த்திருக்கிறான். கீழே இழுத்து, கடைசி வரியை மட்டும்.

"அதெல்லாம் ஒரு சம்பிரதாயம் அக்கா. எல்லாரும் போடறதுதான்."

"இருபது வருஷமா புஸ்தகம் குடுக்கறேன். யார் எடுத்தாங்களோ அவங்கதான் கையெழுத்து போடணும். பக்கத்து வீட்டுக்காரர் போட முடியாது. சரி, அதை விடுங்க. நீங்க எழுதினது இங்க ஓடல."

அவன் படியில் உட்கார்ந்தான். "ஓடலன்னா?"

"கம்ப்யூட்டரைத் தூங்க வச்சு எழுப்பி நாப்பது தடவை பார்த்தேன். ஒன்பது தடவை படிக்கல. என்னோடது நாப்பதுக்கு நாப்பது."

"தயாரான்னு கேட்டுத்தானே அக்கா போறோம். அது தயார்னு சொன்னப்புறம்தான்…"

"அது சொல்லிடுது தம்பி. எப்பக் கேட்டாலும் தயார்னுதான் சொல்லுது. ஆனா தயாராயிருக்காது."

அவனுக்குச் சட்டென்று அந்த ஸ்கேனர் மேல் ஒரு சொந்தபந்தப் பாசம் வந்தது. இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஸ்கேனர் ரொம்பப் பழசா இருக்கும் அக்கா."

"பழசுதான். அதுக்குத்தானே எழுதறோம்."

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வரும், அதற்குள் மேஜைக்குப் போக வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்து பத்துக்கு அவருடைய பேட்ச் பட்டியலில் வந்து விழுந்தது. அவருடைய வரிகள், அவருடைய முந்நூறு மில்லிநொடி, அவருடைய கையொப்பம். விளக்கத்தின் கடைசியில் ஒரு பத்தி: "காத்திருப்பதற்குப் பதிலாக, சாதனத்திடம் தயாரா என்று கேட்கும் முறையை என் வழிகாட்டி எழுதித் தந்தார். அதையும் சோதித்தேன். நாற்பதில் ஒன்பது முறை தோற்றது. சாதனம் தரும் பதில் நம்பத்தக்கதல்ல."

ஆறு மணி ஆனது. பராமரிப்பாளர் இருந்த ஊரில் அப்போது எந்த நேரமோ. பதில் இல்லை. கெடு முடிந்தது.

வீட்டில் தங்கை அந்த மெயிலை எப்படியோ தேடி எடுத்து, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். "இதை அழிக்கவே முடியாதாம்மா. உன் பேரப்பிள்ளைங்க படிக்கலாம்."

அம்மா யோசித்தாள். "ஒன்பது தடவைதானே. முப்பத்தோரு தடவை சரியா வந்திருக்கில்ல? உனக்கு எப்பவும் அதுக்குக் கீழதானே மார்க் வரும்."

அப்பா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "நாப்பது டயர்ல ஒன்பது கழண்டுச்சுன்னா நான் வீட்டுக்கு வர முடியாது" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தம்மா ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லியிருக்காங்க. நீ ஓட்டிப் பார்த்தியா?"

"என்கிட்ட ஸ்கேனர் இல்லப்பா."

"அப்புறம் எதை வச்சு எழுதின?"

கையேட்டை வைத்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவன் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. துணி தேய்க்கும் மேஜைதான் அவனுக்குப் படிப்பு மேஜை. அதன்மேல் மடிக்கணினியைத் திறந்தான். புதியவரின் பேட்ச் கெடுவுக்குள் ஏற்கப்பட்டதா? இல்லை. காரணம்? இந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறானோ அதை வைத்துத்தான் நூலக அக்காவின் இடம். காலியாக விட்டால் அவர் பெயர் பயிற்சிப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். வெற்றிடம் உண்டாக்குவதில் அவனுக்கு அனுபவம் உண்டு என்று தங்கை இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

நெட்வொர்க் கோளாறு என்று அடித்தான். அழித்தான். அவருக்கு உடம்பு சரியில்லை என்று அடித்துவிட்டு, அதை அவரே படிக்க நேர்ந்தால் என்று நினைத்ததும் காது சூடானது. அழித்தான். எல்லோர் முன்னாலும் நாற்பதில் ஒன்பது ஆனபிறகு இன்னும் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டான். கடைசியில் இப்படி எழுதினான்: "பேட்ச் திங்கட்கிழமையே தயார். ஐந்து நாள் என்னிடம் இருந்தது. அதை நான் முழுக்க மாற்றி எழுதினேன். என்னுடையது வேலை செய்யவில்லை. அவருடையது செய்கிறது. தாமதம் என்னால். இடம் போனால் என்னுடையது போகட்டும்."

பத்து நிமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் அம்மா போன் செய்தார். தோள் தட்டல் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டே பேசினான்.

"எத்தனை வரி எழுதிக் குடுத்தீங்க?"

"இருபத்தேழு, மேடம்."

"நான் முதல் வருஷம் நூத்து நாப்பது. அந்தப் பையன் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்ல." ஏதோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "இதுக்கு நம்ம விதியில ஒரு பிரிவு இருக்கு. வழிகாட்டியால தாமதம்னா பத்து நாள் கூடுதல். வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது இருப்பாங்க, ஆனா யாரும் கேக்க மாட்டாங்க. நெட்வொர்க் கோளாறுன்னு எழுதிடுவாங்க."

அவன் இருமினான்.

"ஒரு நிபந்தனை. இந்தப் பத்து நாளும் நீங்க அவங்களுக்குச் சொல்ற எதுவும் கேள்வியாத்தான் இருக்கணும். ஒரு வரி நிரல் எழுதக் கூடாது. இதைப் பண்ணுங்க, அதைப் பண்ணுங்கன்னும் கூடாது. எனக்கும் எல்லா மெயில்லயும் நகல் வரணும்."

வாழ்நாள் முழுக்கப் பதிலாகவே பேசி வளர்ந்தவனுக்கு இது நாக்கில் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. முதல் மெயிலில், "காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் நன்றாக இருக்கும் அல்லவா?" என்று எழுதினான். "கேள்விக்குறி போட்டுவிட்டால் கேள்வி ஆகிவிடாது" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. இரண்டாவதையும் திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தனக்கு உண்மையிலேயே தெரியாதது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தான். தாள் போதவில்லை. அதில் முதலாவதை எடுத்து அனுப்பினான்: "ஏன் முந்நூறு?"

நூலக அக்கா போனிலேயே பதில் சொன்னார். "இதைத்தான் தம்பி நீங்க முதல்ல கேப்பீங்கன்னு நினைச்சேன். கோடு போட்ட நோட்டு ஒண்ணு இருக்கு. நூறுல ஆரம்பிச்சேன், பாதிக்கு மேல விழுந்துது. இருநூறுல ஏழு. இருநூத்தம்பதுல மூணு. முந்நூறுல ஒண்ணுமில்ல. முந்நூத்தம்பது வச்சாலும் அதேதான், எதுக்கு வீணா? எங்ககிட்ட மூணு மேஜையில மூணு ஸ்கேனர், மூணுலயும் பார்த்தேன்."

"மூணும் ஒரே மாதிரியா?"

"ரெண்டு ஒரே மாதிரி. மூணாவது புதுசு. அதுக்குக் காத்திருக்கவே வேண்டாம், எழுந்தவுடனே படிக்குது." நோட்டில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "அப்போ அந்தப் புதுசை எதுக்கு நான் காக்க வைக்கிறேன்?"

அவன் வாய் வரைக்கும் பதில் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். நான்கு வருடத்தில் அவன் கெர்னலுக்குச் செய்த பெரிய காரியம் அதுதான் என்று சொல்ல வேண்டும்.

"பழைய மாடலுக்கு மட்டும் காத்திருக்கச் சொல்லணும்" என்றார் நூலக அக்கா. "எந்த மாடல்னு டிரைவருக்குத் தெரியுமில்ல? இருங்க, படிச்சுட்டுச் சொல்றேன்."

திங்கட்கிழமை பராமரிப்பாளர் வாய் திறந்தார். அவருடைய கேள்வியும் அதுவேதான்: "ஏன் முந்நூறு? எங்கிருந்து வந்த எண்?" நூலக அக்கா நோட்டிலிருந்ததை அட்டவணையாக்கி அனுப்பினார். பழைய மாடலுக்கு மட்டும் என்ற திருத்தத்தோடு இரண்டாவது வடிவம் புதன்கிழமை போனது. பராமரிப்பாளர் ஒரு மாறியின் பெயரை மாற்றச் சொன்னார், விளக்கத்தைச் சுருக்கச் சொன்னார். "வழிகாட்டி பற்றிய பத்தி இருக்கட்டும், பின்னால் வருகிறவர்களுக்கு உபயோகப்படும்" என்றும் சேர்த்திருந்தார். மூன்றாவது வடிவத்தை அனுப்பும் முன் நூலக அக்கா, "படிச்சுப் பார்த்தவர்னு உங்க பேரைப் போடட்டுமா?" என்று கேட்டார். முன்பாயிருந்தால் கேட்பதற்கு முன்பே சரி என்றிருப்பான். ஒரு நாள் கொடுங்கள் என்றான். ஒவ்வொரு வரியையும் படித்து, இரண்டு இடத்தில் புரியாமல் கேட்டு, புரிந்த பிறகு போடச் சொன்னான். பிறர் எழுதிய ஒன்றை மாற்றாமல் அவன் கடைசிவரை படித்தது அதுதான் முதல் தடவை.

பத்தாம் நாள், அடுத்த திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் பதில் வந்தது. "ஏற்கப்பட்டது, நன்றி."

நூலக அக்கா உடனே போன் செய்தார். "தம்பி, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா. அவர் நன்றின்னு போட்டதே பெரிசு."

"நாங்க ஒருத்தர் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுத்தாக்கூட இதைவிட நாலு வார்த்தை பேசுவோம்." குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்க முயலவில்லை. "ஒருங்கிணைப்பாளர் அம்மாகிட்டயிருந்தும் மெயில் வந்திருச்சு. இடம் உறுதியாம். விடுப்புக்கு எழுதிட்டிருக்கேன், இன்னைக்கே மேலிடத்துக்குப் போயாகணும். அதுல உங்களைப் பத்தி ஒரு கட்டம் இருக்கு. பயிற்சி தருபவரோட தகுதின்னு. என்ன போட?"

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தான். பதினொன்றைச் சொல்லலாமா? நான்கு வருடத்தைச் சொல்லலாமா? உண்மையாகவே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல இந்தத் தடவை அவ்வளவு சிரமப்படவில்லை.

"தெரியலையே அக்கா. நீங்க என்ன போடலாம்னு நினைக்கிறீங்க?"

"கட்டம் சின்னது தம்பி. பெருசா ஒண்ணும் எழுத முடியாது." பேனா தாளில் ஓடுவது கேட்டது. "பட்டதாரின்னு போட்டிருக்கேன். சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அக்கா" என்றான்.